கல்லூரி கால் சென்டரில் அட்மிஷன் கவுன்சிலர் வேலை: புதிதாகச் சேர்பவருக்கு

அமெரிக்காவில் ஆன்லைன் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் சேர்க்கை பெரும்பாலும் கால் சென்டருக்குள்தான் நடக்கிறது. வரிசையாக மேசைகள், ஆளுக்கொரு ஹெட்செட், இந்த வாரம் யார் எத்தனை பேரைச் சேர்த்தார் என்று காட்டும் திரை. அங்கே உட்கார்ந்து பேசுபவருக்கு அட்மிஷன் கவுன்சிலர் என்று பெயர். சில இடங்களில் என்ரோல்மென்ட் அட்வைசர் என்பார்கள். ஆங்கிலம் சரளமாக வரும், மற்றவர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்பேன் என்றால் இந்த வேலை கிடைத்துவிடும். அதனால் அங்கே குடியேறிய நம்மவர்களும் இதற்கு விண்ணப்பிக்கிறார்கள்.

நான் இந்த வேலையைச் செய்திருக்கிறேன், பிறகு புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறேன். பயிற்சி வகுப்பில் ஸ்கிரிப்டையும் மென்பொருளையும் நன்றாகவே சொல்லித் தருவார்கள். மறுமுனையில் பேசுபவர் பல ஆண்டுகள் அடைக்கவேண்டிய கடனை வாங்கப் போகிறார் என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அதை மறக்காமல், வேலையையும் இழக்காமல், எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. வேலையை ஏற்பதற்கு முன்

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் கவுன்சிலர் இருந்தாலும் இது விற்பனை வேலை. கல்லூரிக்கு வருமானம் மாணவர் கட்டணத்தில் வருகிறது, அந்தக் கட்டணத்தில் பெரும்பங்கு மத்திய அரசின் உதவித்தொகையும் கடனுமாக வருகிறது. ஆகவே ஆள் சேர்ப்பதற்குக் கல்லூரிகள் நிறையச் செலவு செய்கின்றன. செனட்டர் டாம் ஹார்கின் தலைமையிலான செனட் குழு லாப நோக்கில் கல்லூரி நடத்தும் 30 நிறுவனங்களை ஆராய்ந்து 2012 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. 2010-இல் அந்த நிறுவனங்களில் மாணவர்களைச் சேர்க்கும் பணியில் இருந்தவர்கள் 35,202 பேர்; படித்து முடித்தவர்களுக்கு வேலை தேட உதவும் பணியில் இருந்தவர்கள் 3,512 பேர். பத்துக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தைப் பார்த்தாலே அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும்.

நேர்முகத் தேர்வில் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியது. எவ்வளவு என்று கேட்டால் மட்டும் போதாது, எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். மத்திய அரசின் மாணவர் உதவி பெறும் கல்லூரி எதுவும், எத்தனை பேரைச் சேர்த்தார் என்பதைப் பொறுத்துச் சேர்க்கைப் பணியாளருக்குக் கமிஷனோ போனஸோ கொடுக்கக் கூடாது. 1992-இலிருந்தே இது சட்டம். 2002-இல் சில விலக்குகள் நுழைந்தன. 2011 ஜூலை முதல் அவை நீக்கப்பட்டன. ஆகவே தேர்வு நடத்துபவர், "ஓர் அட்மிஷனுக்கு இவ்வளவு" என்று ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். சட்டம் தெரியாத இடமாக இருக்க வேண்டும், அல்லது தெரிந்தே மீறுகிற இடமாக இருக்க வேண்டும். இரண்டுமே உங்களுக்கு ஆகாது.

அடுத்ததாக, ஒரு நாளைக்கு எத்தனை அழைப்புகள் எதிர்பார்க்கிறார்கள், அழைக்கவேண்டிய பெயர்கள் எங்கிருந்து வருகின்றன, சேர்ந்த மாணவர் முதல் பருவத்திலேயே விலகினால் அது உங்கள் கணக்கில் எப்படி ஏறும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் ரொம்ப முக்கியம். "வகுப்பு தொடங்கிய பிறகு அது உங்கள் கவலை இல்லை" என்றால், அங்கே ஆளை உள்ளே தள்ளுவதுதான் குறி. வகுப்பில் நிலைத்தவர்களையும் எண்ணுகிறோம் என்றால் கொஞ்சம் நம்பலாம்.

வீட்டுக்கு வந்ததும் அமெரிக்கக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் அந்தக் கல்லூரியைத் தேடுங்கள். எத்தனை சதவீதம் பேர் பட்டம் முடிக்கிறார்கள், முடித்தவர்களின் கடன் எவ்வளவு, பிறகு என்ன சம்பாதிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு உங்கள் சொந்தத் தம்பியை அங்கே சேர்ப்பீர்களா என்று யோசியுங்கள். மாட்டேன் என்று மனம் சொன்னால், அந்த இடத்தை நாள் முழுக்க மற்றவருக்குப் புகழ்ந்து சொல்லும் வேலை உங்களைத் தின்றுவிடும்.

2. முதல் வாரங்கள்

பயிற்சியில் ஸ்கிரிப்டை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். செய்துவிடுங்கள், அதில் தவறில்லை. அதோடு நிறுத்தாமல் கல்லூரியின் கேட்டலாக் ஆவணத்தை வாங்கிப் படியுங்கள். விளம்பரத் தாளில் இல்லாததெல்லாம் அதில்தான் இருக்கும்: மொத்தம் எத்தனை கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு), தொழில்நுட்பக் கட்டணம், நேரில் செய்யவேண்டிய பயிற்சி, விலகினால் பணம் திரும்பும் விதி. கல்லூரியில் நூறு படிப்புகள் இருக்கலாம். அதிகம் விசாரிக்கப்படும் ஐந்தாறை மட்டும் எடுத்து, கேட்டலாக்கைப் பார்க்காமலே பதில் சொல்லும் அளவுக்குத் தயாராகுங்கள். மற்றவற்றுக்கு, "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் பழக்கம் முதல் வாரத்தில்தான் ஒட்டிக்கொள்ளும், பிறகு விடாது.

அழைக்கவேண்டிய பெயரை லீட் என்பார்கள். எல்லா லீடும் ஒன்றல்ல. கல்லூரியின் சொந்தத் தளத்தில் படிவம் நிரப்பியவர் உங்கள் அழைப்புக்காகக் காத்திருப்பார். வெளி நிறுவனத்திடம் விலைக்கு வாங்கிய லீட் வேறு மாதிரி: அவர் ஏதோ வேலைவாய்ப்புத் தளத்திலோ போட்டித் தளத்திலோ எண்ணைக் கொடுத்திருப்பார், அது பல கல்லூரிகளுக்கு விற்கப்பட்டிருக்கும். அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2010-இல் ரகசியச் சோதனை நடத்தியபோது, இப்படிப்பட்ட தளங்களில் கற்பனை மாணவர்களின் பெயர்களைப் பதிந்து பார்த்தது. அவர்களில் ஒருவருக்கு மட்டும் ஒரே மாதத்தில் 180-க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. நீங்கள் அழைக்கும்போது எரிந்து விழுகிறவர் அநேகமாக அந்த நிலையில் இருப்பவர். அவருடைய கோபத்துக்கு நீங்கள் காரணமில்லை, ஆனால் அடங்கவேண்டியவர் நீங்கள்தான்.

மூன்றாவது வகை பழைய லீட், இரண்டு மூன்று வருஷம் கிடப்பில் கிடந்தது. புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் தள்ளிவிடுவார்கள். மனம் தளராதீர்கள். தொலைபேசியில் பேசிப் பழக நல்ல இடம் இது. தவறிப் போனாலும் பெரிய இழப்பில்லை.

டயலர் மென்பொருள் தானாக எண்ணை அழைத்து உங்கள் காதில் ஆளைக் கொண்டுவந்து விடும். ஒவ்வோர் அழைப்பும் முடிந்ததும் என்ன நடந்தது என்று பதிய வேண்டும். "இனி அழைக்காதே" என்று ஒருவர் சொன்னால் அந்த நொடியே அதற்கான குறியைப் போட்டுவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். விற்பனை அழைப்புகளுக்கான மத்திய விதிப்படி, அழைக்கப்படுபவர் இருக்கும் இடத்து நேரத்தில் காலை 8 மணிக்கு முன்போ இரவு 9 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது. நீங்கள் கிழக்குக் கரையில் இருந்துகொண்டு காலை 9 மணிக்குக் கலிஃபோர்னியாவை அழைத்தால் அங்கே மணி 6. மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள். பலர் ஊர் மாறியும் பழைய எண்ணையே வைத்திருப்பார்கள்.

3. பேச்சைத் தொடங்குவது

முதல் இருபது நொடிகளில் மூன்று விஷயங்கள் தெரிந்துவிட வேண்டும்: நீங்கள் யார், எங்கிருந்து, ஏன் அழைக்கிறீர்கள். அழைப்பு பதிவாகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாமல் பதிவு செய்வது சட்டத்துக்குப் புறம்பு.

அப்புறம் ஒரு கேள்வி: "இப்போது பேச வசதிப்படுமா?" பல பயிற்சியாளர்கள் இதைக் கேட்கவே கூடாது என்பார்கள், 'இல்லை' என்று சொல்ல வாய்ப்புக் கொடுத்துவிடுகிறோமாம். என் அனுபவம் வேறு. வண்டி ஓட்டிக்கொண்டோ குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டோ இருப்பவரைப் பிடித்து வைத்துப் பேசினால், அவர் எதற்கும் சரி சொல்லித் துண்டிப்பார், பிறகு எடுக்கவே மாட்டார். மாலை 7 மணிக்கு அழைக்கட்டுமா என்று கேட்டு, சொன்ன நேரத்தில் அழைத்துப் பாருங்கள். அந்த நேரந்தவறாமையே பாதி நம்பிக்கையைக் கொடுத்துவிடும்.

4. கேள்விகள் கேட்பது

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. கேட்கவேண்டியதைக் கேட்டால் படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, இவருக்கு இது பொருந்துமா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது என்ன வேலை செய்கிறீர்கள்? இந்தப் பட்டம் கிடைத்தால் எந்த வேலைக்குப் போக நினைக்கிறீர்கள்? அந்த வேலைக்கு இந்தப் பட்டம்தான் வேண்டுமா என்று வேலை கொடுப்பவரிடம் கேட்டீர்களா? முன்பு கல்லூரியில் படித்திருக்கிறீர்களா, ஏன் நின்றது? பழைய கல்விக் கடன் பாக்கி இருக்கிறதா? வாரத்தில் எந்தெந்த நாள், எந்த நேரம் படிக்க முடியும்? கணினி, இணையம் வீட்டில் இருக்கிறதா?

"ஏன் நின்றது" என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பணம் போதவில்லை என்றால் அதே பணக்கஷ்டம் இப்போது தீர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து படிக்க முடியவில்லை என்றால், இப்போதும் இரவு ஷிஃப்ட்தானா? பழைய காரணம் அப்படியே இருந்தால் இந்த முறையும் நின்றுவிடும், கூடவே கடனும் ஏறியிருக்கும்.

இதே கேள்விகளை வேறு விதமாகவும் பயன்படுத்துவார்கள், அதை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். செனட் குழுவின் அறிக்கையில் ஒரு நிறுவனத்தின் பயிற்சித் தாள் இடம்பெற்றிருக்கிறது; அதில் இருந்த உத்திக்குப் பெயர் 'பெயின் ஃபன்னல்', வலிப் புனல். மேலோட்டமான கேள்வியில் தொடங்கி, உன் வாழ்க்கையில் எது சரியில்லை, அதனால் என்ன இழந்தாய், குடும்பம் உன்னைப் பற்றி என்ன நினைக்கும் என்று ஒவ்வோர் அடுக்காக இறங்கி, ஆளை உடையவைத்து, உடைந்த இடத்தில் கல்லூரியைத் தீர்வாக நீட்டுவது. வேலை இழந்தவர், மணமுறிவில் இருப்பவர், தனியாகக் குழந்தை வளர்க்கும் தாய், படையிலிருந்து திரும்பியவர் எல்லாம் இதற்கு எளிதில் அகப்படுவார்கள்.

படையினரைக் குறிவைத்ததற்குத் தனிக் காரணம் உண்டு. லாப நோக்குக் கல்லூரிகள் தங்கள் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய மாணவர் உதவியிலிருந்து எடுக்கக் கூடாது என்று விதி. முன்னாள் படையினரின் கல்வி உதவி அந்த 90-இல் சேராமல் இருந்தது. அதனால் ஒவ்வொரு படைவீரரும் அவர்களுக்கு இரட்டிப்பு லாபம். 2021-இல் சட்டம் மாறி, 2023 முதல் அந்த ஓட்டை அடைபட்டது.

உங்கள் ஸ்கிரிப்டில் யாரையும் அழவைக்கும் நோக்கத்தோடு ஒரு கேள்வி இருந்தால் அதைக் கேட்காமல் விடுங்கள். எப்படி அடையாளம் காண்பது? ஒரு கேள்விக்கு வரும் பதில் அவர் எந்தப் படிப்பில், எப்போது, எப்படிப் படிக்கலாம் என்பதைத் தீர்மானிக்க உதவுகிறதா என்று பாருங்கள். உதவாது, ஆனால் அவரைக் கலங்கவைக்கும் என்றால், அது விற்பனைக்காக வைத்த கேள்வி. மேற்பார்வையாளர் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "அவர் முன்பே அதைச் சொல்லிவிட்டார்" என்று சொல்ல வழி இருக்கும். உண்மையிலேயே கவனித்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்தான்.

5. பணத்தைப் பற்றிப் பேசுவது

இதைத் தள்ளிப்போடச் சொல்லித்தான் பெரும்பாலான இடங்களில் பழக்குகிறார்கள். "கட்டண விவரம் நிதி உதவிப் பிரிவு சொல்லும்" என்று நகர்த்திவிடச் சொல்வார்கள். விவரங்கள் அந்தப் பிரிவின் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் மொத்தத் தொகையை நீங்கள் சொல்லியாக வேண்டும்.

வாரத்துக்கு இவ்வளவு, ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று துண்டு துண்டாகச் சொன்னால் எதுவும் சின்னதாகத்தான் தெரியும். இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட். கிரெடிட்டுக்கு 400 டாலர் என்றால் 48,000 டாலர், புத்தகமும் மற்றக் கட்டணமும் தனி. இந்தக் கணக்கை அவரோடு சேர்ந்து போடுங்கள். முன்பு படித்த கிரெடிட்டுகள் எத்தனை ஏற்கப்படும் என்பதைப் பொறுத்துக் குறையலாம் என்றும் சொல்லுங்கள். தொகையைக் கேட்டுச் சிலர் வைத்துவிடுவார்கள். அவர்கள் எப்படியும் முதல் பில் வந்ததும் போயிருக்கக்கூடியவர்கள்.

நிதி உதவியைப் பற்றிப் பேசும்போது மூன்றைப் பிரித்துச் சொல்லுங்கள். பெல் கிராண்ட் அரசு தரும் உதவித்தொகை, திருப்பிக் கட்டவேண்டியதில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, 2025–26-இல் அதிகபட்சம் 7,395 டாலர். அரசுக் கடன் திருப்பிக் கட்டியாக வேண்டும். இளநிலை முதல் ஆண்டில், பெற்றோரைச் சார்ந்தவராகக் கருதப்படும் மாணவருக்கு 5,500 டாலர் வரை, சாராதவராகக் கருதப்படுபவருக்கு 9,500 டாலர் வரை. மூன்றாவது தனியார் கடன். வட்டியும் விதிகளும் வேறு, அரசுக் கடனுக்குள்ள பாதுகாப்புகள் அதற்குக் கிடையாது. இந்த மூன்றையும் கலந்து "ஃபைனான்ஷியல் எய்ட் கிடைக்கும்" என்று ஒரே சொல்லில் சொல்வதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் மிகப் பெரிய ஏமாற்று. கேட்பவர் எல்லாமே இலவசம் என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதைச் சொல்லும் கவுன்சிலர்கள் மிகக் குறைவு. ஒரு பருவத்தின் 60 சதவீத நாட்களைத் தாண்டுவதற்கு முன் விலகினால், இருந்த நாட்களின் விகிதத்துக்குத்தான் அரசு உதவி அவருக்குச் சேரும். மீதி அரசுக்குத் திரும்பும். கல்லூரியின் கட்டணமோ அதன் சொந்த விதிப்படி அப்படியே நிற்கலாம். அந்த இடைவெளித் தொகை மாணவரின் தலையில் பாக்கியாக விழும். "முயன்று பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்" என்று நீங்கள் எளிதாகச் சொன்ன வார்த்தை அவருக்கு வசூல் நிறுவனத்தின் கடிதமாக வந்து சேரும். விலகிய ஆறு மாதத்தில் கடன் தவணையும் தொடங்கிவிடும். 270 நாள் கட்டாமல் விட்டால் கடன் தவறியவர் ஆகிவிடுவார், அதன் பிறகு சம்பளத்திலிருந்தும் வரித் திரும்புதொகையிலிருந்தும் பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

அரசின் நிதி உதவி கேட்டு நிரப்பும் படிவத்துக்கு ஃபாஃப்சா என்று பெயர். அந்த விண்ணப்பம் இலவசம். மாணவர்தான் தன் பெயரில் கணக்குத் திறந்து நிரப்ப வேண்டும். திரையில் எங்கே எதை அழுத்துவது என்று வழி காட்டலாம், அவ்வளவுதான். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்காதீர்கள், அவருக்காக நிரப்பாதீர்கள். வருமானத்தைக் குறைத்துப் போடச் சொல்வது குற்றம். 2010 ரகசியச் சோதனையில் பார்த்த 15 கல்லூரிகளில் நான்கில், விண்ணப்பத்தில் பொய் எழுதும்படி பணியாளர்களே தூண்டினார்கள். அப்படிப் பேசியது ரகசியக் கேமராவில் பதிவாகி நாடாளுமன்றக் குழுவின் முன் போட்டுக் காட்டப்பட்டது.

6. வாயில் வரக்கூடாத சில வாக்கியங்கள்

"வேலை நிச்சயம்." "இந்தச் சம்பளம் கிடைக்கும்." "உங்கள் கிரெடிட் எந்தக் கல்லூரியிலும் செல்லும்." கிரெடிட்டை ஏற்பதா என்று தீர்மானிப்பது அடுத்துச் சேரும் கல்லூரி; நீங்கள் யார் அதைச் சொல்ல?

"இந்தப் பட்டம் முடித்தால் லைசென்ஸ் வாங்கிவிடலாம்." செவிலியர், ஆசிரியர், உளவள ஆலோசகர் போன்ற தொழில்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது மாநில வாரியம். ஒரு மாநிலத்தில் செல்லும் படிப்பு பக்கத்து மாநிலத்தில் செல்லாமல் போகலாம். மாணவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று கேட்டு, அந்த மாநிலத்துக்கான அறிவிப்பைக் கல்லூரித் தளத்தில் எடுத்து அனுப்புங்கள், மாநில வாரியத்திடமே ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளவும் சொல்லுங்கள்.

"இன்றைக்கே சேராவிட்டால் இடம் போய்விடும்." ஆன்லைன் வகுப்பு சில வாரங்களுக்கு ஒரு முறை தொடங்கிக்கொண்டே இருக்கும் கல்லூரியில் இது பச்சைப் பொய். உண்மையான கடைசித் தேதி இருந்தால் தேதியைச் சொல்லுங்கள், போதும்.

ஒருவர் "மனைவியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றால், அதை ஆட்சேபமாக எடுத்துக்கொண்டு உடைக்கச் சொல்லித் தருவார்கள். குடும்பத்தோடு பேசாமல் பல்லாயிரம் டாலர் கடனில் கையெழுத்துப் போடுகிறவர் நிலைக்க மாட்டார். இருவரும் இருக்கும்போது அழைக்கிறேன், இருவர் கேள்விக்கும் பதில் சொல்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். என் மாணவர்களில் பட்டம் முடித்தவர்கள் பலர் இப்படி வந்தவர்கள்தான்.

7. விண்ணப்பத்துக்குப் பிறகு

விண்ணப்பம் வந்ததும் பாதிப் பேர் கைகழுவிவிடுவார்கள். உங்கள் பெயர் நிற்பது இதற்கு அப்புறம்தான். பழைய கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பட்டியல், வந்ததா, பழைய பாக்கிக்காக அதை நிறுத்தி வைத்திருக்கிறார்களா, நிதி உதவிப் பிரிவு கேட்ட ஆவணம் போனதா, பாடநூல் கிடைத்ததா, வகுப்புத் தளத்தில் ஒரு முறையாவது உள்ளே நுழைந்து பார்த்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வகுப்பு தொடங்கிய மூன்றாம் நாள் ஓர் அழைப்பு, முதல் ஒப்படைப்புத் தேதிக்கு முந்தைய நாள் இன்னோர் அழைப்பு. பெரும்பாலோர் பாடம் கடினம் என்று விடுவதில்லை; எங்கே பதிவேற்றுவது என்று தெரியாமல், யாரிடம் கேட்பது என்று கூச்சப்பட்டு, ஒரு வாரம் தவறி, அப்படியே நின்றுவிடுகிறார்கள். ஐந்து நிமிடப் பேச்சில் சரியாகக்கூடியது.

பொருந்தாது என்று தெரிந்தவருக்கு அதைச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜில் (அரசு நிதியில் நடக்கும் உள்ளூர்க் கல்லூரி) இரண்டு ஆண்டு குறைந்த செலவில் படித்துவிட்டு வரலாம் என்று சொல்வது துரோகம் ஆகாது. அவர் போய்விடலாம், ஆனால் தன் அக்காவை உங்களிடம் அனுப்புவார். பரிந்துரையில் வருபவர் விலைக்கு வாங்கிய லீட் மாதிரி இருக்க மாட்டார், முதல் அழைப்பிலேயே மனம் விட்டுப் பேசுவார்.

8. எண்களும் டீம் லீடரும்

ஒவ்வொரு நாளும் உங்களை அளப்பார்கள்: எத்தனை அழைப்பு, எத்தனை நிமிடப் பேச்சு, எத்தனை சந்திப்பு, எத்தனை விண்ணப்பம், எத்தனை பேர் வகுப்பில் அமர்ந்தார்கள். கடைசி எண்ணைத் தவிர மற்றதெல்லாம் நீங்கள் நேர்மையாகவே உயர்த்தக்கூடியவை. அழைப்பு எண்ணிக்கையில் குறை வைக்காதீர்கள். அதில் நீங்கள் முன்னால் இருந்தால், ஒருவரை வேண்டாம் என்று விட்டதற்காக உங்களைக் கேள்வி கேட்பது டீம் லீடருக்குக் கடினம்.

உங்களுக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் பருவத்தில் இருக்கிறார்கள்? சுவர்த் திரையில் முதலிடத்தில் இருப்பவரின் மாணவர்கள் பலர் அடுத்த பருவத்தில் காணாமல் போயிருப்பதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். மதிப்பீட்டுக் கூட்டத்தில் இந்த எண்ணை எடுத்து வையுங்கள். மாணவர் நிலைப்பதைப் பற்றிக் கவலைப்படும் நிர்வாகமாக இருந்தால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அழுத்தம் கூடும்போது வாய்மொழி உத்தரவுகள் வரும். "அதைச் சொல்லாதே, இப்படிச் சொல்" என்பார்கள். மரியாதையாக, "மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், நான் தவறாகச் சொல்லிவிடக் கூடாது" என்று கேளுங்கள். சரியான உத்தரவாக இருந்தால் எழுத்தில் வரும். வராவிட்டால் நீங்கள் பழையபடியே சொல்லலாம். பதிவாகும் குரல் உங்களுடையது என்பதை நினைவில் வையுங்கள்.

9. உடம்பு, மனசு, ஊதியம்

குரல்தான் முதலில் போகும். தண்ணீர், இடையிடையே மௌனம், மெதுவான பேச்சு. ஹெட்செட்டை ஒரே காதில் வைத்திருக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள்.

மணிக்கணக்கில் சம்பளம் என்றால், ஷிஃப்ட் தொடங்குமுன் கணினியை இயக்கி மென்பொருள்களைத் திறக்கும் நேரமும் வேலை நேரம்தான். கால் சென்டர்களுக்காக அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிட்ட 64-ஆம் எண் தகவல் தாளில் இது தெளிவாக இருக்கிறது. 9 மணி ஷிஃப்டுக்கு 8:45-க்கு வந்து எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்றால், அந்தப் பதினைந்து நிமிடத்துக்கும் ஊதியம் கேளுங்கள்.

மனசு விஷயம் இதைவிடப் பெரியது. ஒரு நாளில் பலர் திட்டுவார்கள், ஓரிருவர் அழுவார்கள். அழுபவரின் துயரத்தைத் தீர்க்க உங்களிடம் பட்டப்படிப்பு மட்டும்தான் இருக்கிறது, பல நேரம் அது தீர்வே இல்லை. "இன்று இதைப் பேச வேண்டாம், நீங்கள் முதலில் வீட்டு நிலைமையைப் பாருங்கள், எப்போது அழைக்கட்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று முடித்துவிடலாம். அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் எழுந்து நடங்கள். அடுத்த அழைப்பை அதே கனத்தோடு எடுக்காதீர்கள்.

10. எப்போது விலகுவது

சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்: சேர்க்கை எண்ணுக்கு மறைமுகப் பரிசு கொடுப்பது, மாணவர் கணக்கில் பணியாளரே நுழைவது, வகுப்புக்கு வராதவரை வந்ததாகக் காட்டச் சொல்வது, 'இனி அழைக்காதே' குறியை நீக்கச் சொல்வது. பெரிய பெயர் என்பதற்காகத் தங்கிவிடாதீர்கள். கொரிந்தியன் கல்லூரிக் குழுமம் 2015 ஏப்ரலில் எஞ்சியிருந்த வளாகங்களை ஒரே நாளில் மூடியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஐடிடி தொழில்நுட்பக் கல்லூரிகள் மூடின. பாடத்தின் நடுவே மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பணியாளர்களும்தான். கொரிந்தியனில் படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அரசு தள்ளுபடி செய்தது 2022 ஜூனில்தான்.

விலகுவதற்கு முன் நடப்பில் இருக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் குறிப்பு எழுதி வையுங்கள்: எந்த ஆவணம் பாக்கி, எந்தத் தேதி முக்கியம், எதற்குப் பயப்படுகிறார், எந்த நேரத்தில் அழைக்கலாம். நிறுவனத்தின் ஆவணங்களையோ மாணவர் விவரங்களையோ வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், நல்ல நோக்கத்துக்காக இருந்தாலும். முறைகேடு கண்டால், என்ன, எப்போது, யார் சொன்னார் என்று உங்கள் நினைவிலிருந்து தேதியிட்டு எழுதி, கல்வித் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம். பெயரைச் சொல்லாமலும் புகார் கொடுக்க வழி உண்டு. அடுத்த வேலைக்குக் கம்யூனிட்டி காலேஜ்களின் மாணவர் சேவைப் பிரிவு, நிதி உதவிப் பிரிவு, கல்வி ஆலோசகர் பணிகளைப் பாருங்கள். ஃபாஃப்சாவும் டிரான்ஸ்கிரிப்டும் மாணவர் மனசும் தெரிந்த ஆளை அங்கே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.